ஓர் ஏக்கர் வயலில் ஊருக்கு மிஞ்சுவது எவ்வளவு?

எங்கள் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்கார அக்கா கடன் எழுதுவதற்கு ஒரு நீட்டுக் கொப்பி வைத்திருக்கிறார். ஐப்பசியில் விதைப்புத் தொடங்கியதும் அந்தக் கொப்பி நிறையத் தொடங்கும். சீனி, தேயிலை, மா, சவர்க்காரம், பிள்ளைக்குப் பென்சில், பிறகு மறுபடியும் சீனி. மார்கழி வரும்போது ஒரு வீட்டுப் பெயருக்குக் கீழே மூன்று பக்கம் ஓடியிருக்கும். மாசியில் வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் அந்தப் பக்கங்களின் குறுக்கே சிவப்புக் கோடு விழும். சில பக்கங்களில் விழாது. அவை அடுத்த கொப்பிக்கு மாறும்.

இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியின் வருமானத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் விவசாயம் என்ன தருகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கொப்பிதான். அந்த அக்கா வயலில் இறங்குவதில்லை. ஆனால் அவருடைய வருமானமும் வயலில்தான் விளைகிறது. உழவு இயந்திரம் திருத்தும் கராஜ், சைக்கிள் கடை, ரியூசன் வகுப்பு, தைப்பொங்கலுக்குப் பிறகு சூடுபிடிக்கும் புடவைக்கடை எல்லாம் அப்படித்தான். இவற்றில் ஒன்றுகூட புள்ளிவிவரத்தில் 'விவசாயம்' என்ற தலைப்புக்குள் வராது. ஏன் வராது, அப்படியென்றால் அந்தத் தலைப்புக்குள் வருவது எது என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளைச்சல் வேறு, வருமானம் வேறு. "இந்த முறை கிளிநொச்சியில் நல்ல விளைச்சல்" என்று செய்தி வந்தால் மாவட்டத்துக்கு நல்ல வருமானம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் விளைந்த நெல்லின் விலை முழுவதும் வருமானம் ஆகாது. அதை விளைவிக்க வெளியே வாங்கிய பொருட்களுக்கும் சேவைகளுக்கும் கொடுத்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வருமானம். பொருளியலில் இதைச் சேர்க்கப்பட்ட பெறுமதி என்பார்கள். யூரியாவின் விலை அதைச் செய்த தொழிற்சாலையின் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. நெல்லின் விலையோடு அதை மறுபடி கூட்டினால் ஒரே காசை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். அதனால்தான் கழிக்கிறார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு இத்தனை சதவீதம் என்று வாசிக்கும்போது, அது இந்த மிச்சத்தின் பங்கு என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்குவதற்கு வசதியாக நானே எடுத்துக்கொண்ட தொகைகள் இவை. உண்மையில் ஊருக்கு ஊர், போகத்துக்குப் போகம் மாறும்.

காலபோகத்தில், அதாவது ஐப்பசியில் விதைக்கும் மழைக்காலப் போகத்தில், ஓர் ஏக்கர் வயல் 80 புசல் தருகிறது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஆக 1,680 கிலோ. கிலோ 100 ரூபா என்றால் 1,68,000 ரூபா. இனிக் கழிவுகள். விதைநெல் 10,000. பசளை 25,000. களைநாசினியும் கிருமிநாசினியும் 15,000. உழவுக் கூலி 20,000. வெட்டு மெஷினுக்கு 15,000. ஏற்றி இறக்க 3,000. மொத்தம் 88,000 ரூபா. மிச்சம் 80,000. விவசாயத்தின் பங்கு என்று கணக்கில் ஏறுவது இதுதான், 1,68,000 அல்ல.

அந்த 80,000-மும் கமக்காரரின் கைக்கு முழுதாக வராது. விதைத்த நாளிலும் வரம்பு கட்டிய நாளிலும் வந்தவர்களின் நாட்கூலி 12,000. வயல் குத்தகை 20,000. அடைவு வைத்த நகைக்கு வட்டி 8,000. இவ்வளவும் போக 40,000 நிற்கும். புருசனும் பெண்சாதியும் நாலு மாதம் தண்ணீர் கட்டி, பன்றி வராமல் இராக்காவல் இருந்து, களை பிடுங்கியதற்கான ஊதியமும் ஆதாயமும் அதற்குள் அடக்கம். ஓர் ஏக்கருக்கு மாதம் 10,000.

இந்தக் கணக்கில் என்னைத் தூங்கவிடாத பகுதி இனித்தான் வருகிறது. வெட்டுக் காலத்தில் வன்னியில் ஏ9 வீதியிலோ உள்வீதிகளிலோ போனவர்கள் கண்டிருப்பார்கள். தார் வீதியின் ஒரு பாதியில் நெல் பரவிக் கிடக்கும். வாகனம் ஏறாதபடி ஓரத்தில் கல்லோ மரக்கொப்போ வைத்திருப்பார்கள். ஒரு அம்மா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார். கால் போன வழியில் கோடு கோடாகத் தார் தெரியும். மழை இருட்டினால் வீடே ஓடிவந்து நெல்லைக் கூட்டிப் படங்கால் மூடும். மெஷின் வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்க்கும் ஈரப்பதன் 14 சதவீதம். வெயிலில் விரித்துக் காயவைத்தால்தான் அந்த அளவுக்கு இறங்கும். காயவிட இடமும் இல்லை, கடன்காரர் வாசலில் என்றால், வயல் வரம்பில் நிற்கும் லொறிக்குப் பச்சை நெல்லாகவே ஏற்றிவிட வேண்டியதுதான்.

அந்த லொறி கிலோவுக்கு 15 ரூபா குறைத்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,680 கிலோவுக்கு 25,200 ரூபா போய்விடுகிறது. பசளைக் கடைக்காரர் தன் பங்கைக் குறைக்க மாட்டார், குத்தகையும் வட்டியும் குறையாது. அந்த 25,200-உம் கடைசியில் நின்ற 40,000-இலிருந்துதான் போகும். மிஞ்சுவது 14,800. விலை 15 சதவீதம் இறங்க, குடும்பத்தின் வருமானம் 63 சதவீதம் இறங்குகிறது. கொப்பியில் சிவப்புக் கோடு விழாத பக்கங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விளைச்சல் குறைந்திருக்க வேண்டும் என்றே இல்லை.

சரி, மிச்சம் எங்கே தங்குகிறது? பிரதேச வருமானம் என்று பேசும்போது முக்கியமான கேள்வி இது. உழவு இயந்திரம் பக்கத்து வீட்டுத் தம்பியுடையது என்றால், டீசல் செலவு போக, உழவுக் கூலியின் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே சுற்றும். அவர் அக்காவின் கடையில் சாமான் வாங்குவார், அக்கா மகளுக்கு ரியூசன் காசு கட்டுவார், ரியூசன் வாத்தியார் சந்தையில் மரக்கறி வாங்குவார். ஒரு ரூபா இப்படிக் கைமாறிக் கைமாறிப் பல பேருக்கு வருமானமாவதைப் பெருக்க விளைவு என்பார்கள். வெட்டு மெஷின் வெளி மாவட்டத்திலிருந்து வந்து வெட்டிவிட்டுப் போனால் அந்த 15,000 அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடும். வயல்காரர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருந்தால் குத்தகையும் அப்படித்தான். தொட்டியில் ஓட்டை இருப்பதுபோல. இதைக் கசிவு என்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கசிவு நெல்லாகவே விற்பது. 1,680 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 1,090 கிலோ அரிசி வரும். கிலோ 220 ரூபா என்று வைத்தால் 2,40,000 ரூபாவுக்குக் கிட்ட. அது தவிர, தவிடு மாட்டுத் தீனியாகும், உமி எரிபொருளாகும். நெல்லுக்கும் அரிசிக்கும் இடையில் 70,000 ரூபாவுக்கு மேல் நிற்கிறது. ஆலையின் மின்சாரம், சாக்கு, போக்குவரத்தைக் கழித்தால் மிஞ்சுவது, ஆலை இருக்கும் ஊரின் கூலியும் ஆதாயமும். வன்னி நெல்லில் நிறையப் பகுதி பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. அங்கேயிருந்து பெயர் அச்சடித்த பையில் அரிசியாகத் திரும்பி வருகிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்ததை அந்தக் குளத்தின் கீழேயே இருக்கிற பிள்ளைகள் அந்த விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கிளிநொச்சியில் ஆலை நடந்தாலும் அதன் பெறுமதி புள்ளிவிவரத்தில் கைத்தொழில் என்ற தலைப்புக்குள்தான் போகும். விவசாயத்தின் சதவீதம் சிறிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கசிவைத் தடுப்பது என்றால் வெளியே வாங்குவதையெல்லாம் நிறுத்துவது என்று நினைத்துவிடக் கூடாது. 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது அப்படியொரு பரிசோதனை முழு நாட்டுக்கும் நடந்தது. தடை வந்தது மே மாதம், நீக்கியது நவம்பர் மாதம். அந்தக் காலபோகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பசளைக் காசு மிஞ்சியது, நெல் இல்லை. வெளியே போகும் காசு எதைக் கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி வேலைவாய்ப்பு. இலங்கை முழுவதற்கும் எடுத்தால், வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கோ அண்மை ஆண்டுகளில் 8 சதவீதம் அளவில்தான். (மீன்பிடியும் காடும் இதற்குள் சேர்த்தி. ஆகவே முல்லைத்தீவுக் கரைவலையும் மன்னார்ப் படகும் இந்தத் தலைப்பின் கீழ்தான்.) நூறு பேரையும் நூறு ரூபாவையும் வைத்துப் பார்த்தால் 26 பேர் 8 ரூபாவைப் பங்கிடுகிறார்கள், மற்ற 74 பேர் 92 ரூபாவை. தலைக்குக் கணக்கிட்டால் விவசாயத்தில் இருப்பவருக்கு மற்றவரில் நான்கில் ஒரு பங்குதான் வருகிறது.

இதை வைத்து "விவசாயிகள் திறமையில்லாதவர்கள்" என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. தொழிற்படை அளவீட்டில், கேட்கும் நாளுக்கு முந்திய வாரத்தில் ஒரு மணி நேரமாவது உழைத்திருந்தால் அவர் வேலையில் உள்ளவர். சம்பளம் வாங்காமல் குடும்ப வயலில் உதவியவரும் அதில் சேர்த்தி. கந்தோரில் வாரம் 40 மணி நேரம் இருப்பவரும், அந்த வாரம் நாலு மணி நேரம் களை பிடுங்கியவரும், ஆள் கணக்கில் ஆளுக்கு ஒன்று. குறைவது உழைப்பாளியின் திறமை என்பதைவிட, அவருக்குக் கிடைக்கும் வேலைநாள் என்பதே பொருத்தம். மற்றப் பக்கம், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் நெல்லுக்கும் கணக்கில் பெறுமதி போடுவது முறை. அந்த நெல்லை அவித்து, குற்றி, சோறாக்கித் தரும் உழைப்புக்கு எந்தப் பெறுமதியும் போடுவதில்லை.

வன்னிக்கென்று தனியாக இந்தச் சதவீதங்களைத் தேடினால் ஒரு சிக்கல் வரும். மத்திய வங்கி உள்நாட்டு உற்பத்தியை மாகாண வாரியாக வெளியிடுகிறது. நாட்டின் 100 ரூபாவில் வட மாகாணத்துக்கு 4, 5 ரூபாதான். மேல் மாகாணத்துக்கு 40-க்கு மேல். ஆனால் அந்த வட மாகாணத் தொகையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வயல்களோடு யாழ்ப்பாண நகரத்துக் கடைகளும் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் கலந்திருக்கின்றன. நாட்டுச் சராசரியை எடுத்து வன்னிக்கு ஒட்டினால் பிழையாகிவிடும். இரணைமடு, கட்டுக்கரை, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்று குளத்தைச் சுற்றி ஊர் அமைந்த இடம் இது. இங்கே விவசாயத்தின் நிழல் நாட்டுச் சராசரியைவிட நீளம்.

வேலைநாள் என்ற கண்ணோடு பார்த்தால் பயிருக்குப் பயிர் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரியும். வன்னியில் நெல் பெரும்பாலும் விதைப்பு, நாற்று நடுகை குறைவு. களைக்கு நாசினி வந்துவிட்டது. முன்பு ஓர் ஏக்கரை வெட்டப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நாள் நிற்பார்கள். உப்பட்டி கட்டி, சூடு வைத்து, மிதித்து, தூற்றி, நெல் அளந்து முடிக்க இன்னும் பல நாள். இப்போது மெஷின் ஒரு மணி நேரத்தில் வெட்டி, அடித்து, சாக்கில் கட்டிக் கொடுக்கிறது. கமக்காரருக்கு இது பெரிய ஆறுதல், மழைக்கு முன்னே நெல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயலில்லாத குடும்பங்களுக்கு அந்த நாட்கூலி போய்விட்டது. நெல் வருமானம் தருகிறது, வேலை தருவது குறைந்துகொண்டே வருகிறது.

கச்சான் (நிலக்கடலை) அப்படியல்ல. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கத்தில் கச்சான் பிடுங்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். மரநிழலில் செடிகள் மலையாகக் குவிந்திருக்கும். சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள் சாக்கு விரித்துக் குந்தியிருப்பார்கள். இடது கையில் செடியைத் தலைகீழாகப் பிடித்து வலது கையால் ஒரே இழுவையில் கோதுகளை ஆய்ந்து வாளியில் போடுவார்கள். செம்மண் நகத்துக்குள் ஏறி விரல் நுனி வெடித்திருக்கும். கூலி நாளுக்கல்ல, ஆய்ந்த வாளிக்கு. கை வேகமானவர் பின்னேரம் வாளியை எண்ணும்போது முகம் தெளிவாக இருக்கும். கணவரைப் போரில் இழந்து, குழந்தைகளோடு தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் இந்த மாவட்டங்களில் நிறைய. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடிகிற வேலை என்பதற்காகவே பலர் இதற்கு வருகிறார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனால் அதே கச்சானை மணலில் வறுத்துப் பை கட்டி விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். வறுப்பதும் பை கட்டுவதும் நம்மூர் ஆட்கள் செய்தால் பெறுமதி இன்னொரு தடவை இங்கேயே சேர்கிறது.

இதில் பழைய அனுபவம் ஒன்றும் உண்டு. அறுபதுகளில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டம் என்று காணி கொடுத்து இளைஞர்களைக் குடியமர்த்தினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் இறுக்கியதும் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை வந்தது. நடுவது, தண்ணீர் இறைப்பது, களை கொத்துவது, திரும்பத் திரும்பப் பழம் ஆய்வது, காயவைப்பது என்று மிளகாய்த் தோட்டம் மாதக்கணக்கில் ஆட்களைக் கேட்கும். அந்தக் காசில் கட்டிய கல்வீடுகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது, தோட்டங்கள் சுருங்கின. அந்த விலையின் ஒரு பகுதியை மிளகாய் வாங்கிச் சாப்பிட்ட நாடு முழுவதும் கொடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரே குளம், ஒரே மண், ஒரே ஆட்கள் இருக்க, எந்தப் பயிர், அதற்கு என்ன விலை என்பது மட்டும் மாறி ஒரு பிரதேசத்தின் வேலைநாளையே மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அந்த வேலைநாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சிறுபோகத் தண்ணீர், அதாவது மழைக்காலம் முடிந்த பிறகு செய்யும் இரண்டாம் போகத்துக்கான தண்ணீர். மழை ஓய்ந்த பிறகு குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருந்தாலும் சிறுபோகத்துக்கு முழுவதும் கிடைப்பது அரிது, பங்கு வைத்துத்தான் விதைக்கிறார்கள். நெல்லுக்குத் தண்ணீர் போதாத இடத்தில் பயறு, உழுந்து, கௌபி போடலாம். குறைந்த தண்ணீரில் விளையும். பயறும் கௌபியும் கையாலே ஆயவேண்டிய பயிர்களும்கூட. குளத்துக்குக் கீழே இல்லாத மானாவாரி ஊர்களுக்குச் சித்திரைக்குப் பிறகு அதுவும் இல்லை.

கச்சான் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம் அவருடைய வருடத்தை மாதம் மாதமாகச் சொல்லச் சொன்னேன். விரல் மடித்து எண்ணினார். "ஐப்பசியில விதைப்பு, கார்த்திகையில கச்சான் களை, தை மாசியில ஆயுறது. பங்குனியில உழுந்து அடிக்கக் கூப்பிடுவினம். சித்திரையில பயறு, அதுவும் தண்ணி உள்ள ஆக்கள் கூப்பிட்டாத்தான்."

"வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும், அக்கா?"

"அது அஞ்சு மாசம், தம்பி. கடைக் கொப்பிதான்." சொல்லிவிட்டு அடுத்த செடியை எடுத்தார்.